பழைய செய்திகளைத் தேடுவது எப்படி? வன்னி மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 2018 டிசெம்பர் வெள்ளம் பற்றி ஒப்படை எழுதுகிறேன். கூகுளில் ‘கிளிநொச்சி வெள்ளம்’ என்று தேடினால் அண்மைச் செய்திகளே வருகின்றன. (உயர்தர மாணவி, தருமபுரம்)

தேடல் பக்கத்திலுள்ள ‘கருவிகள்’ பகுதியில் 2018 டிசெம்பர் 20 முதல் 31 வரை எனத் திகதி எல்லையை இட்டுக்கொள்ளுங்கள். அடுத்து, ‘வெள்ளம்’ என்ற பொதுச்சொல்லை விடுத்து, செய்தியாளர் அன்று எழுதியிருக்கக்கூடிய ‘இரணைமடு’, ‘வான்கதவு’ போன்ற சொற்களால் தேடுங்கள். மேற்கோட்குறிக்குள் ‘இரணைமடுக் குளம்’ என்று இட்டால், ‘இரணைமடுக் குளத்தின்’ என்று எழுதப்பட்ட செய்தி தப்பிவிடலாம். வேற்றுமை உருபு ஏறும் நம் மொழியில் மேற்கோட்குறியை அளவோடுதான் பயன்படுத்த வேண்டும். ஒரே பத்திரிகையின் தளத்துக்குள் தேடுவதற்கு, ஆங்கிலத்தில் ‘சைட்’ (site) என்று எழுதி முக்காற்புள்ளியிட்டு, இடைவெளி விடாமல் அத்தளத்தின் முகவரியைச் சேர்க்கலாம்.

கேள்வி: பழைய தளமொன்றில் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன. தளம் பழுதா? (மாங்குளம்)

பெரும்பாலும் பழுதன்று. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யுனிகோட் பரவுவதற்கு முன் பல தளங்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் வெளிவந்தன. அவற்றில் கணினி சேமித்திருப்பது ஆங்கில எழுத்துகளையே. அப்பகுதியைப் படியெடுத்து எழுத்துரு மாற்றியில் இட்டால் தமிழாகும். பலர் கவனிக்காத ஒன்று, இதே காரணத்தால் யுனிகோட் தமிழில் தேடும்போது இந்தப் பக்கங்கள் அகப்படுவதில்லை என்பதாகும். தேடுசொல்லையே பாமினிக்கு மாற்றி, வரும் ஆங்கில எழுத்துக் கோவையைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: வன்னியிலிருந்து வெளிவந்த ஈழநாதம் பத்திரிகை இணையத்தில் கிடைக்குமா? (பல்கலைக்கழக மாணவர், வவுனியா)

2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் இணையத்தளத்தில் ஈழநாதம், உதயன், ஈழநாடு முதலியவற்றின் இதழ்கள் மின்வருடிப் பதிவேற்றப்பட்டுள்ளன, கட்டணமில்லை. எல்லா நாள்களின் இதழ்களும் இருக்குமென எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலான பக்கங்கள் படங்களாகவே இருப்பதால், செய்தியிலுள்ள சொல்லைக் கொண்டு தேடி உரிய பக்கத்தை அடைவது பெரும்பாலும் முடியாது. இதழின் பெயரையும் திகதியையும் கொண்டே செல்ல வேண்டும். ஆகவே நிகழ்வு நடந்த நாளை ஊர்ப் பெரியவர்களிடமோ, ஆண்டு மலர்களிலோ முதலில் உறுதிசெய்து, அதற்கு அடுத்து வந்த ஒரு வாரத்து இதழ்களையாவது புரட்டுங்கள். இடப்பெயர்வுகளின்போது வீட்டுப் பத்திரிகைக் கட்டுகளை இழந்த நமக்கு இந்தச் சேகரம் எத்துணை பெறுமதியானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அங்கும் கிடைக்காத இதழுக்குக் கொழும்பு 7 இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தை நாடலாம்.

கேள்வி: ஆய்வில் குறித்த இணைப்பு இப்போது திறக்கவில்லை. (முல்லைத்தீவு)

இன்டர்நெட் ஆர்கைவ் நடத்தும் வேபேக் மெஷின் என்ற இணையப்பக்கச் சேமிப்புத் தளத்தில் அம்முகவரியை இட்டால், முன்பு சேமிக்கப்பட்ட பிரதி இருக்கலாம். இனிமேல் ஒரு செய்தியைக் குறிப்பெடுக்கும் அன்றே அதன் பக்கத்தை அங்கே சேமித்து, பார்வையிட்ட திகதியையும் எழுதிவையுங்கள்.

கேள்வி: முகநூலில் பகிரப்பட்ட பத்திரிகைத் துணுக்கின் படத்தைச் சான்றாகக் காட்டலாமா? (செட்டிகுளம்)

கூடாது. பத்திரிகையின் பெயர், திகதி, பக்க எண் ஆகிய மூன்றையும் மூல இதழில் கண்டு உறுதிசெய்த பின்னர் அந்த இதழையே சான்றாகக் காட்டுங்கள்.