வீடு மூச்சு விட்டால் வர்ணனையா, பேயா?

கேள்வி: பேய் வீட்டைப் பற்றிய என் சிறுகதையை ‘வர்ணனை அதிகம்’ என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். ‘ஜன்னல்கள் கண்களாய் முறைத்தன, கதவு வாயைப் பிளந்தது, மாடிப்படி எலும்புக்கூடு போல முனகியது, வீடே மூச்சு விட்டது.’ இதில் என்ன குறை? உவமையும் உருவகமும் இல்லாவிட்டால் கதை செய்தித்தாள் மாதிரி ஆகிவிடாதா?

பதில்: எலும்புக்கூடு முனகாது சார், முனகத் தொண்டை வேண்டும். அதுவும் போகட்டும், உங்கள் ஆள் இன்னும் கேட்டைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் உள்ளே மாடிப்படி முனகியது யார் காதில் விழுந்தது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காதல் கதையில் ‘வீடு மூச்சு விட்டது’ என்று எழுதினால் வாசகர் உருவகம் என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவார். பேய்க் கதையில் அப்படிப் போக முடியாது, நிஜமாகவே விட்டதோ என்று ஒரு கணம் நிற்பார், அந்தத் தயக்கம்தான் இந்த மாதிரிக் கதைக்கு இருக்கிற ஒரே கையிருப்பு. அதை முதல் பக்கத்திலேயே அலங்காரத்துக்குக் கொட்டிவிட்டீர்கள். ஐந்தாம் பக்கத்தில் வீடு உண்மையிலேயே மூச்சு விடுகிறது (ஆமாம், கடைசி வரை படித்தேன்), அதையும் இன்னொரு வர்ணனை என்று நினைத்துத் தாண்டிப் போனேன். அடுத்த பத்தியில் ஆள் செத்துக் கிடந்த பிறகுதான் திரும்பி வந்து பார்த்தேன்.

அணியே வேண்டாம் என்று யார் சொன்னது? கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் அசைவதை, ‘வராதீர்கள்’ என்று கைகாட்டி மறிப்பது போல என்கிறார் இளங்கோ. தற்குறிப்பேற்ற அணிக்கு (இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது) பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த உதாரணம்தான், மதிப்பெண் வாங்கியதோடு மறந்துவிட்டோம். கொடி அசையக் காற்று போதும், வேறு காரணமே தேவையில்லை. அந்த இருவருக்கும் எதுவும் உறைப்பதில்லை, நடந்துகொண்டே இருக்கிறார்கள், பதறுவது நாம்தான். அதற்காக அவர் கொடிக்குப் பல்லும் நகமும் முளைக்க வைக்கவில்லை.

உங்கள் மாடிப்படி மரப்படிதானே? இரவுக் குளிரில் மரம் சுருங்கிச் சத்தம் போடுவது எந்த வீட்டிலும் நடப்பது. யாரும் ஏறாதபோது அந்தச் சத்தம் கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொரு படியாக மேலே வந்தது என்று மட்டும் எழுதிப் பாருங்கள், உவமை எதுவும் வேண்டாம். முறைக்கும் ஜன்னலையும் பிளக்கும் கதவையும் வெட்டிவிடுங்கள், எனக்கு வரும் பேய்க் கதைகளில் பாதிக்கு மேல் அவை இருக்கின்றன. மூச்சை ஐந்தாம் பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி அனுப்புங்கள், படிக்கிறேன்.