மொய் எழுதாத எம்.எல்.ஏ.

அன்புள்ள சார்,

நன்மாறன் பற்றிய உங்கள் கட்டுரையை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மதுரை கிழக்கில் இரண்டு முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர், 2021-ல் வாடகை கட்ட வழியில்லாமல் அரசு வீடு கேட்டுக் கலெக்டரிடம் மனு கொடுத்தார் என்ற இடத்தில் என் மகன் நிறுத்தச் சொன்னான். “மாஜி எம்.எல்.ஏ.வுக்குப் பென்ஷன் உண்டே, அப்புறம் எப்படி ஏழை? பஸ்ஸில் போனார், எளிமையாக இருந்தார், சரி. தொகுதிக்கு என்ன செய்தார்?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

எம்., திருமங்கலம்

அன்புள்ள எம்.,

உங்கள் மகன் கேட்டதில் தப்பே இல்லை. ஓட்டை என் கட்டுரையில்தான். மனிதர் பஸ்ஸில் போனதைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, பத்து வருஷம் அவர் பார்த்த வேலையை விட்டுவிட்டேன்.

முதலில் பணம். பென்ஷன் விவரம் என்னிடம் இல்லை, சம்பளத்தைச் சொல்கிறேன். நன்மாறன் இருந்த மார்க்சிஸ்ட் கட்சியில் எம்.எல்.ஏ. சம்பளத்தைக் கட்சியிடம் கொடுத்துவிட வேண்டும். முழுநேர ஊழியருக்கு உரியதைக் கட்சி கொடுக்கும். அவர் இருந்த காலத்துச் சம்பளமும் இன்றைக்கு இருப்பது அல்ல. மாசம் 55,000 ரூபாய் 1,05,000 ஆனது 2017-ல். அவர் பதவிக்காலம் 2011-லேயே முடிந்துவிட்டது.

2001-ல் அ.தி.மு.க. கூட்டணியில் ஜெயித்தார், 2006-ல் தி.மு.க. கூட்டணியில். இரண்டாவது முறை நூறு ஓட்டுகூட வித்தியாசம் கிடையாது. அந்தச் சில ஓட்டுகள் கூட்டணிக்கு விழுந்தவையா, ஆளுக்கு விழுந்தவையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சரி, தொகுதிக்கு என்ன செய்தார்? இந்தக் கேள்வியை நாம் கேட்கும்போது மனசில் இருப்பது தொகுதி மேம்பாட்டு நிதி. இப்போது வருஷத்துக்கு 3 கோடி. அதில் ஒரு ரூபாய்கூட எம்.எல்.ஏ. கைக்கு வராது. இன்ன இடத்தில் இன்ன வேலை என்று அவர் எழுதிக் கொடுப்பார், அனுமதி கலெக்டரிடமிருந்து வரும். நாலு பேர் ஒதுங்கக்கூட இடமில்லாத நிழற்குடையில் எம்.எல்.ஏ. பெயர் மட்டும் முக்கால் சுவருக்கு இருக்கும், பார்த்திருப்பீர்கள்.

அவரை நாம் அனுப்பியது சட்டமன்றத்துக்கு. கேள்வி நேரம், அவசரப் பிரச்சினைக்கு அமைச்சரைப் பதில் சொல்ல வைக்கிற விதி 55-ன் கீழ் கவன ஈர்ப்பு, துறைகளுக்குப் பணம் ஒதுக்குகிற மானியக் கோரிக்கை விவாதம், அந்த ஒதுக்கீட்டைக் குறைக்கச் சொல்லி எதிர்ப்பைப் பதிவு செய்கிற வெட்டுத் தீர்மானம். வெட்டுத் தீர்மானம் கொடுத்ததற்கு யாராவது ஃபிளெக்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? சின்னக் கட்சி உறுப்பினருக்குக் கிடைப்பது சில நிமிஷம்தான். மணி அடிப்பதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். தெருமுனைக் கூட்டத்தில், பஸ் ஹாரனுக்கு நடுவே பேசிப் பழகியவனுக்கு அது கைவந்த வித்தை. நன்மாறனுக்கு ‘மேடைக் கலைவாணர்’ என்று பெயர். சிரிக்க வைத்தே விஷயத்தை உள்ளே இறக்கிவிடுவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன்பு மாமாவின் ஆபரேஷனுக்குச் சிபாரிசுக் கடிதம் வாங்க ஒரு எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போனேன். எந்தக் கட்சி என்பது வேண்டாம். காலை ஆறரை மணிக்கே பிளாஸ்டிக் சேர் எல்லாம் நிறைந்திருந்தது. மேஜை மேல் லெட்டர் பேடு, பக்கத்தில் முழங்கை உயரத்துக்குப் பத்திரிகைகள். படிக்கிற பத்திரிகை இல்லை, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. உதவியாளர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்: காதுகுத்து ரெண்டாயிரம், கல்யாணம் அஞ்சாயிரம், துக்க வீடு மாலை மட்டும். அன்று நல்ல முகூர்த்த நாள். மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். மாசச் சம்பளம் இரண்டு முகூர்த்தத்துக்குத் தாங்காது.

மிச்சப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அந்தச் சேரில் உட்கார்ந்திருந்த யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை, கடிதம் கிடைத்தால் போதும் என்றிருந்தேன். ஆனால் மொய் எழுதாத எம்.எல்.ஏ.வை “வந்தார், சாப்பிட்டார், போனார்” என்று பேசுகிற ஊர் இது. 2022-லிருந்து ஒரு வேட்பாளர் சட்டப்படியே 40 லட்சம் வரை செலவு செய்யலாம். சட்டத்துக்கு வெளியே ஆகிற செலவு தனி. இந்தக் கணக்கில் நன்மாறன் மாதிரி ஒருவர் இரண்டு முறை உள்ளே போய்விட்டு வந்ததே எனக்கு ஆச்சரியம். வீடு கேட்டு மனு கொடுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஒருகாலத்தில் அந்த மாதிரி மனுக்களுக்குச் சிபாரிசு எழுதிக் கொடுத்தவர், கடைசியில் தன் மனுவைத் தானே எடுத்துக்கொண்டு போனார். மனு கொடுத்த அதே 2021-ல், அக்டோபர் 28-ந்தேதி இறந்தார்.

சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். மகனை 2001-லிருந்து 2006 வரை புரட்டச் சொல்லுங்கள், அடுத்த ஐந்து வருஷத்தை நான் பார்க்கிறேன். கிடைப்பதைச் சேர்த்துக் கட்டுரையைத் திருத்திப் போடுகிறேன்.