நடுக்கடலில் சாதுவாக இருக்கும் அலை, கரைக்கு வந்ததும் எழும்பி உடைவது ஏன்?

கோவளத்தில் மீனவ நண்பர் ஒருவரின் ஃபைபர் போட்டில் நாலைந்து தடவை போயிருக்கிறேன். இன்ஜினை அணைத்தால் போட்டு மெல்ல ஏறும், இறங்கும், அவ்வளவுதான். பக்கத்தில் மிதந்த தெர்மாகோல் துண்டும் எங்களோடு அங்கேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே தண்ணீர் ஓடி வருவதில்லை. இருந்த இடத்திலேயே வட்டமடிக்கிறது, ஆற்றல்தான் கடந்து போகிறது.

அந்த வட்டம் அலைநீளத்தில் பாதி ஆழம் வரைதான் எட்டும். முகட்டுக்கு முகடு 100 மீட்டர் இருந்தால், 50 மீட்டருக்குக் கீழே தரை இருப்பதே அலைக்குத் தெரியாது. ஆழம் அதைவிடக் குறைந்தால் வேகம் குறையத் தொடங்கும். 10 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வருகிற அலை, 1 மீட்டர் ஆழத்தில் சுமார் 11 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். டோல்கேட்டுக்கு முன்னால் வண்டிகள் நெருங்குவது மாதிரி முகடுகள் நெருங்கும். ஆனால் வாட்சைப் பார்த்து எண்ணுங்கள்: ஆழ்கடலில் 9 நொடிக்கு ஒன்று வந்த அலை கரையிலும் 9 நொடிக்கு ஒன்றுதான். அதே ஆற்றல் குறுகிய நீளத்துக்குள் அடைபடுவதால், அலை உயர்கிறது.

உயரம் ஆழத்தில் முக்கால் பங்கைத் தாண்டும்போது, அடிப்பகுதியை முகடு முந்திப்போய்க் கவிழ்கிறது. தரை மெல்லச் சரிந்தால் நுரைத்துக்கொண்டே வரும். மெரினா மாதிரி சட்டென்று சரிகிற கரையில் கிட்டத்தில் வந்து தொப்பென்று விழும்; திரும்பும் தண்ணீர் முழங்காலளவில் நிற்பவரையும் இழுத்துவிடும். குளிக்கப் போகிறவர்கள் கவனிக்க!

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. சாய்வாக வரும் அலையில் ஆழம் குறைந்த பக்கம் முதலில் மெதுவாகிவிடும், மறுபக்கம் சுற்றி வரும். அதனால்தான் எல்லா அலையும் கரைக்கு நேராக வருகிற மாதிரி தெரிகிறது. ஆனால் முழுக்கத் திரும்பாது. மிச்சமிருக்கும் அந்தச் சின்னச் சாய்வுதான் சென்னைக் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி மணலை வடக்கே தள்ளுகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் தெற்கே மணல் தேங்கி மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் போய்ச் சேராமல் கடல் அரித்தது. அங்கே இப்போது கரையெல்லாம் கருங்கல்.