அப்பா கண்ட வெளிச்சம்

கேள்வி: விசைப்படகில் தங்கி மீன் பிடிக்கும் என் அப்பா, விடியப்போகும் நேரத்தில் வானத்தில் வரிசையாகப் போன வெளிச்சங்களைக் கண்டதாகச் சொன்னார். வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பறக்கும் தட்டு பற்றி அமெரிக்க அதிகாரிகளே வெளியே ஒன்று, உள்ளே ஒன்று பேசினார்களாமே, நிஜமா?
– வாசகி, குளச்சல்

பதில்: நிஜம்தான். ஆனால் எனக்கு வலிப்பது அந்தச் சிரிப்பு.

1997 மார்ச் 13 இரவு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஏராளமானோர் வானத்தில் வெளிச்சங்களைப் பார்த்தார்கள். மக்கள் விளக்கம் கேட்பதை விடவில்லை. ஜூன் மாதம் அந்த மாநில ஆளுநர் ஃபைஃப் சைமிங்டன் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, வேற்றுக்கிரகவாசி வேஷம் போட்ட தன் உதவியாளரைக் கைவிலங்கோடு கொண்டுவந்து நிறுத்தினார். ஒரே சிரிப்பு. 2007-ல் அதே மனிதர், அன்றிரவு நானும் பார்த்தேன் என்றார். அதுவரை பத்து வருஷம், உண்மையைச் சொன்னவர்கள்தானே கேலிப்பேச்சு கேட்டார்கள்? இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ராணுவமும் லேசுப்பட்டதில்லை. 1947 ஜூலையில் ராஸ்வெல் என்ற ஊரிலிருந்த ராணுவ விமானத் தளம் பறக்கும் தட்டு கிடைத்ததாக அறிவித்தது. உடனே மேலதிகாரிகள் வானிலை பலூன் என்று மாற்றிச் சொன்னார்கள். சோவியத் அணுகுண்டுச் சோதனையை வேவு பார்க்கும் ரகசியத் திட்டத்தின் பலூன் அது என்பது 1994-ல்தான் வெளியே வந்தது. அப்புறம் யூ-2 உளவு விமானம். 1955-லிருந்து 60,000 அடிக்கு மேலே பறந்தது. கீழே நின்று பார்த்தவர்களிடம் பனித்துகள், வெப்பநிலை மாற்றம் என்று ஏதேதோ சொன்னார்கள், விமானம் என்று தெரிந்துகொண்டே. வேற்றுக்கிரகவாசிகள் வந்ததற்கு ஆதாரம் இல்லை என்று 2024-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனின் அறிக்கை சொன்னதை நான் நம்புகிறேன். அவர்கள் ஒளித்தது தங்கள் சொந்தச் சரக்கைத்தான். ஆனால் இத்தனை பொய்க்குப் பிறகு ஊர் எப்படி நம்பும்?

நம் பக்கத்துக் கதை ஒன்று. 1963 நவம்பர் 21 மாலை திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ஏவிய முதல் ராக்கெட் சோடியம் ஆவியை விட்டு வானத்தை ஆரஞ்சு நிறமாக்கியது. கொல்லங்கோட்டில் எங்கள் அம்மா முற்றத்தில் நின்று பார்த்துப் பயந்திருக்கிறார். ராக்கெட் என்று தெரிந்ததும் பயம் போய்விட்டது. அவ்வளவுதான் வேண்டும் மக்களுக்கு.

சரி, அப்பா விஷயம். இணையச் சேவைக்காகக் கூட்டமாக ஏவப்படும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களாக இருக்கலாம். ஏவிய சில நாட்களுக்கு அந்தியிலும் விடியலுக்கு முன்பும் மணி கோத்தது போல வரிசையாகப் போகும். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு, எவ்வளவு நேரம் தெரிந்தது என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். வெள்ளியைப் பார்த்துத் திசை பிடிக்கிறவர், சரியாகச் சொல்வார். அந்தத் தேதிக்கு எது போனது என்று பார்த்து இதே பக்கத்தில் எழுதுகிறேன்.