அம்மாவின் கூச்சமும் மகனின் கைகளும்

கேள்வி: எனக்கு வயது 36, திருமணமாகவில்லை. 68 வயதான என் அம்மாவுக்குச் சென்ற மாதம் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் செயலிழந்து, பேச்சும் நின்றுவிட்டது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தபின் எல்லாவற்றையும் நான்தான் செய்கிறேன். துணி மாற்றும்போதும் குளிப்பாட்டும்போதும் அம்மா அழுகிறார். “ஆம்பளப் பிள்ளை செய்யற வேலையா இது?” என்று உறவினர்கள் கேட்கிறார்கள். கோவையில் இருக்கும் அக்காவுக்கு இரண்டு சிறு குழந்தைகள் என்பதால் அவரைத் தொந்தரவு செய்ய மனமில்லை. நான் செய்வது அம்மாவுக்கு அவமானமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை)

பதில்: இதில் அவமானம் எதுவுமில்லை. உறவினர்கள் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆனால் அம்மாவின் கூச்சத்தைப் பொருட்படுத்தியே ஆகவேண்டும். இத்தனை ஆண்டுகள் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொண்ட ஒருவர், பெற்ற மகன் முன்னால் உடை விலக்கப்படுவதை எளிதில் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

அந்த அழுகைக்கு வேறு காரணமும் இருக்கலாம். பக்கவாதத்தால் மூளையில் உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் பகுதி பாதிக்கப்பட்டால், துக்கமே இல்லாமல்கூட அழுகை பொங்கி வந்து சட்டென்று அடங்கும். நாள் முழுவதும் முகவாட்டம், சாப்பாட்டில் நாட்டமின்மை, தூக்கமின்மை ஆகியவை தொடர்ந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. இரண்டுக்குமே சிகிச்சை உண்டு என்பதால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இதைத் தவறாமல் சொல்லுங்கள்.

பேச்சு நின்றுவிட்டதால் அம்மாவுக்கு எதுவும் புரியாது என்று எண்ணிவிடாதீர்கள். பேச முடியாத பலருக்கு நாம் சொல்வது பெருமளவு புரிகிறது. ஆம், இல்லை என்று தலையசைத்தோ இடது கையால் காட்டியோ பதில் சொல்லக்கூடிய கேள்வியாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். குளிப்பாட்ட மட்டும் காலையில் ஒரு பெண் உதவியாளரை வைத்துக்கொள்ளலாமா என்பதையும் அம்மாவிடமே கேளுங்கள். அது அவர் முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

நீங்களே செய்யும் நாட்களில் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். உடல் முழுவதையும் போர்வையால் மூடி, துடைக்கும் பகுதியை மட்டும் விலக்கித் துடைத்து, உடனே மூடிவிட வேண்டும். ஈரத்துணியை அம்மாவின் இடது கையில் கொடுத்தால், கை எட்டும் இடங்களை அவரே துடைத்துக்கொள்வார். கூச்சம் குறைவதோடு அது பயிற்சியாகவும் அமையும். மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும்; மாற்றித் துடைத்தால் சிறுநீர்த் தொற்று வரக்கூடும். முன்பக்கம் முழுவதும் திறக்கும் நைட்டி வசதியானது. அணிவிக்கும்போது செயலிழந்த வலது கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது இடது கையை முதலில் எடுங்கள். எக்காரணம் கொண்டும் வலது கையைப் பிடித்து இழுக்கவோ அக்குளில் கைகொடுத்துத் தூக்கவோ கூடாது. வலுவிழந்த தோள்மூட்டு நழுவிவிடும்.

படுத்தே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பதையும், நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும் என்பதையும் மருத்துவமனையிலேயே சொல்லியிருப்பார்கள். தண்ணீர் குடிக்கும்போது இருமல் வந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் (பிசியோதெரபி), நோயின் வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வந்து தரப்படுகின்றன. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த வாரமே பதிவு செய்யுங்கள். கை, கால் அசைவு பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான் வேகமாகத் திரும்புகிறது. வரும் செவிலியரிடம் புரட்டுவதையும் உட்கார வைப்பதையும் உங்கள் கையால் செய்து காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

அக்கா விஷயத்தில் நீங்கள் செய்வது எனக்கு உடன்பாடில்லை. குழந்தைகளைக் காரணம் காட்டி, அவர் சார்பில் நீங்களே மறுப்புச் சொல்லிக்கொள்கிறீர்கள். அம்மா அவருக்கும் அம்மாதான். “முடியும்போது வா” என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் நடக்காது. மாதத்தில் எந்தச் சனி, ஞாயிறு வர முடியும் என்று தேதியைக் கேட்டு வாங்குங்கள். வந்த முதல் நாளே நைட்டி மாட்டும் முறையையும் தோளைப் பிடிக்கக் கூடாத விதத்தையும் அவருக்குக் காட்டிவிட்டு, அன்றிரவு நீங்கள் வேறு அறையில் போய்த் தூங்குங்கள்.