உக்கிய தடுப்புப் பலகை

வணக்கம் ஐயா,

ஊர்காவற்றுறையில் பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கினேன். 28 அடி, பைபர். பாய்மரத்துக்கு நேர் கீழே குறுக்காக நிற்கும் பிளைவூட் தடுப்பின் மேல் மூலை கறுத்துக் கிடக்கிறது. ஸ்குரூ டிரைவரால் குத்தினால் பிடிவரை இறங்குகிறது. “உப்புத் தண்ணி பட்டு உக்கிப்போச்சு, அந்த இடத்தை மட்டும் வெட்டித் துண்டு வைத்து, மேட் (பைபர் நார்ப் பாய்) போட்டு ரெசின் பூசிவிடலாம்” என்கிறார் பைபர் வேலை செய்பவர். அது போதுமா?

ஊர்காவற்றுறையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

போதாது. அது அறை பிரிக்க வைத்த பலகை அல்ல. பாய்மரம் கீழே அமுக்கும் பாரத்தைத் தாங்குவதும், படகின் இரண்டு விலாவையும் நெளியாமல் வைத்திருப்பதும் அதுதான். கறுப்பு மேல் மூலையில் என்கிறீர்கள். பாய்மரத்தின் பக்கக் கம்பியைப் பிடிக்கும் தகடும் பெரும்பாலும் அங்கேதான் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். இழுவை முழுக்க வரும் இடத்தில் ஒட்டுத்துண்டு வைப்பது ஆபத்து.

உக்கியதற்குக் கடலைக் குற்றம் சொல்ல வேண்டாம். மரத்தைத் தின்னும் பூஞ்சணத்துக்கு உப்பு ஒத்துவராது. அதற்கு வேண்டியது நல்ல தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழை, மேல்தட்டில் தகடு நுழையும் துவாரத்தால் இறங்கிப் பலகையின் வெட்டுமுனையில் ஊறியிருக்கிறது. பூசிய பைபர் அதைக் காயவும் விடவில்லை. அந்தத் துவாரத்தை அடைக்காமல் புதுப் பலகை வைத்தால் அதுவும் உக்கும். தகட்டையும் கழற்றிப் பாருங்கள். துருப்பிடிக்காத உருக்குத்தான், ஆனால் ஈரமரத்துக்குள் காற்றுப் படாமல் கிடந்தால் அதுவும் அரித்துப்போகும். போல்ட் துளையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள்.

வேலை தொடங்குமுன் பாய்மரத்தை இறக்குங்கள். படகைக் கரையில் நேராக முட்டுக் கொடுத்து நிறுத்தி, உள்ளகலத்தை நாலைந்து இடத்தில் அளந்து எழுதி வைத்து, குறுக்குக் கட்டைகள் கொடுத்த பிறகே பழைய பலகையை எடுக்க வேண்டும். முடிந்தவரை முழுசாக எடுங்கள், அதுவே புதியதற்கு அச்சு. உக்கிக் கொட்டிய மூலைக்குக் காட்போட் மட்டை வெட்டி அளவெடுக்கலாம். கிரைண்டர் பிடிக்கும்போது நல்ல மாஸ்க், நீளக்கை உடுப்பு கட்டாயம்.

பலகைக்கு பி.எஸ். 1088 (படகுப் பிளைவூட்டுக்கான பிரித்தானியத் தரம்) மரைன் பிளைவூட் கேளுங்கள். கடைக்காரர் ‘வோட்டர் புரூப்’ என்று சொல்வதை அப்படியே நம்பாமல், ஒரு துண்டைச் சில மணிநேரம் கொதிக்க வைத்துப் பாருங்கள். தாள் பிரிந்தால் வேண்டாம். வெட்டுமுனைகள் எல்லாவற்றுக்கும் முதலில் எபொக்சி (இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் ஒருவகை ரெசின்) ஊட்டுங்கள். போல்ட் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, தடித்த எபொக்சியால் நிரப்பி, காய்ந்தபின் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். அப்புறம் எங்காவது ஒழுகினாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது.

பலகை படகின் உடலை நேரே முட்டக்கூடாது. முட்டினால் அந்தக் கோட்டில் பைபர் வெடிக்கும். ஐந்தாறு மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, மூலையைத் தடித்த எபொக்சியால் வளைவாக நிரப்பி, இரு பக்கமும் குறைந்தது 10 சென்றிமீற்றர் படியும்படி பைபர் துணியைப் படிப்படியாக ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தில் பழைய பெயின்டைத் தேய்த்து பைபரே தெரிய வேண்டும்.

இங்கேதான் உங்கள் வேலைக்காரரோடு பேச வேண்டும். நம் கரையில் மீன்பிடிப் படகு கட்டுவது பொலியெஸ்டர் ரெசினில். புதுப்படகுக்கு அது சரி. காய்ந்து இறுகிய பழைய பைபரில் எபொக்சி பிடிக்கிற மாதிரி அது பிடிக்காது. எபொக்சிக்கு மாறினால் அவர் வழக்கமாகப் போடும் மேட்டும் சரிவராது. அதன் நார்களைச் சேர்த்துவைக்கும் பசை பொலியெஸ்டரில் கரையும், எபொக்சியில் கரையாது. நெய்த துணியோ தைத்த துணியோதான் வேண்டும்.

நம் வெயிலில் எபொக்சி கோப்பைக்குள்ளேயே சூடேறி இறுகிவிடும். மெதுவாக இறுகும் ஹார்ட்னர் (எபொக்சியோடு கலந்து அதை இறுகவைக்கும் திரவம்) வாங்கி, விடியற்காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலத் தட்டில் ஊற்றி வேலை செய்யுங்கள். ஒரு பூச்சு காய்ந்தபின் மேலே மெழுகு மாதிரி படியும். தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே அடுத்தது.

வாடை மழைக்குமுன் முடிக்க வேண்டும் என்பதால் சோளகக் (தென்மேற்குக்) காற்றுக் காலத்திலேயே தொடங்கிவிடுங்கள். தகட்டைக் கழற்றியதும் இரு பக்கமும் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.