டவுன் கல்ச்சுரல் கவுன்சில்: பாடத் தெரியாதவர்களும் சேரலாமா?

போன இதழில் மாசசூசெட்ஸ் ஊர்களில் இருக்கும் லோக்கல் கல்ச்சுரல் கவுன்சில்களைப் பற்றி, அதில் சம்பளம் இல்லாமல் உட்காரும் ஊர்க்காரர்களைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் யாருடைய பெயரும் இல்லை.

கே: எங்கள் டவுன் கல்ச்சுரல் கவுன்சிலுக்குத் தன்னார்வலர்கள் வேண்டுமாம். நான் ஐடியில் இருக்கிறேன், பாட்டும் வராது, ஆட்டமும் வராது. சேர்ந்தால் என்ன செய்யச் சொல்வார்கள்? நாற்காலி போடுவதா, டிக்கெட் கிழிப்பதா? (வூஸ்டர் பக்கத்து வாசகி)

ப: இரண்டும் இல்லை. அரசுப் பணத்தை ஊர்க் கலை நிகழ்ச்சிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கச் சொல்வார்கள்.

மாநில அரசு கலைக்கென்று ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதி, மாஸ் கல்ச்சுரல் கவுன்சில் என்ற மாநில அமைப்பு வழியாக ஊர் ஊராகப் போகிறது. மாநிலத்தில் மொத்தம் 351 நகரங்களும் டவுன்களும் இருக்கின்றன, அவற்றுக்கு 329 உள்ளூர் கவுன்சில்கள். சில சின்ன ஊர்கள் சேர்ந்து ஒன்றே வைத்துக்கொண்டிருப்பதால்தான் இந்தக் கணக்கு. எல்லாவற்றிலும் சேர்த்து சுமார் 2,400 பேர் சம்பளமில்லாமல் வேலை செய்கிறார்கள். எந்த ஊருக்கு எவ்வளவு என்பதை மக்கள்தொகையையும் ஊரின் சொத்து மதிப்பையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள், அதனால் வசதி குறைந்த ஊருக்குத் தலைக்குக் கொஞ்சம் கூடவே கிடைக்கும். இது எனக்குப் பிடித்த விஷயம். பணக்கார ஊரின் சிம்பொனிக்குக் காசு கொடுக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் பிறப்பே வேடிக்கையானது. 1970களின் கடைசியில் கலைகளுக்கு என்றே தனியாக ஒரு லாட்டரி தொடங்கினார்கள், அதில் வரும் காசை ஊருக்கு ஊர் பங்கிடத்தான் இந்தக் குழுக்கள் முளைத்தன. 1990ல் அந்த லாட்டரியை நடத்திய அமைப்பையும் மாநிலக் கலைக் கவுன்சிலையும் ஒன்றாக்கினார்கள், அதுதான் இன்றைய மாஸ் கல்ச்சுரல் கவுன்சில். லாட்டரிச் சீட்டு வாங்கித் தோற்றவர்களின் புண்ணியத்தில் ஆரம்பித்த கலைச்சேவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கவுன்சிலில் குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 22 பேர். நகரமாக இருந்தால் பெரும்பாலும் மேயர், டவுனாக இருந்தால் செலக்ட் போர்டு, அதாவது டவுனை நிர்வகிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு, நியமிக்கும். ஒரு தவணை 3 வருடம், தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் இருக்க முடியாது, அப்புறம் ஒரு வருடமாவது வெளியே இருந்துவிட்டுத்தான் திரும்ப வரலாம். தேர்தலில் ஜெயித்துப் பதவியில் இருப்பவர்கள் உறுப்பினராக முடியாது. நாட்டாமைகள் நிரந்தரமாக உட்கார்ந்துகொள்ளாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை, நம் சங்கங்கள் சிலவற்றுக்கும் சிபாரிசு செய்வேன்.

வேலை முழுக்க இலையுதிர் காலத்தில். செப்டம்பர் 1 வாக்கில் விண்ணப்பம் திறக்கும், அக்டோபர் நடுவில் மூடும். பிறகு உறுப்பினர்கள் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் படித்துவிட்டு, கூடிப் பேசி, ஓட்டுப் போட வேண்டும். கேட்கப்படும் தொகை எப்போதும் கையில் இருப்பதைப் போலப் பல மடங்கு இருக்கும். நூலகத்தில் குழந்தைகளுக்குப் பொம்மலாட்டம், முதியோர் மையத்தில் ஜாஸ், பழைய கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக்காட்டிச் சரித்திரம் சொல்லும் நடைப்பயணம், பள்ளிக்கூடத்துக்கு வரும் வானியல் கூடாரம் என்று எல்லாம் வரிசையில் நிற்கும், ஏனென்றால் இங்கே கலையோடு வரலாறு, அறிவியல் எல்லாமே கணக்கில் சேரும். இந்தச் சமயத்தில், யாருக்கு 400 டாலர், யாருக்கு 900 என்று ஒரு எக்செல் ஷீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரிந்த ஆள்தான் அந்த அறையில் மிகவும் வேண்டப்பட்டவர். நீங்கள் ஐடி என்பதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

கே: என் மனைவி பரதநாட்டியப் பள்ளி நடத்துகிறாள். நான் கவுன்சிலில் சேர்ந்துவிட்டால் அவள் பள்ளிக்கும் நம் ஆட்களுக்கும் நாலு கிராண்ட் வாங்கித் தரலாமே? (பாஸ்டன் புறநகர் வாசகர்)

ப: ஐயா, இந்த எண்ணத்தோடு சேராதீர்கள். பள்ளிக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல.

பலருக்குத் தெரியாத ஒன்று: நீங்கள் ஒரு பைசா வாங்காவிட்டாலும், இந்த மாநிலத்தின் சட்டம் உங்களை ஊர் ஊழியராகவே பார்க்கிறது. சேர்ந்ததும் நலமுரண், அதாவது சொந்த லாபமும் பொதுப் பொறுப்பும் மோதுவது, பற்றிய ஆன்லைன் பயிற்சி எடுக்க வேண்டும், 2 வருடத்துக்கு ஒருமுறை மறுபடி எடுக்க வேண்டும். நீங்கள், உங்கள் மனைவி, இரண்டு பேரின் அம்மா அப்பா, அண்ணன் தம்பி அக்கா தங்கை, பிள்ளைகள், இவர்களில் யாருக்குப் பண சம்பந்தம் இருந்தாலும் அந்த விண்ணப்பத்தை நீங்கள் தொடக்கூடாது. ஓட்டுப் போடாமல் இருந்தால் மட்டும் போதாது, பேசவும் கூடாது. அந்தப் பேச்சு நடக்கும்போது எழுந்து வெளியே போய்விடுவதுதான் உத்தமம். நீங்கள் சங்கத்தின் பொருளாளர் என்றால் சங்கத்து விண்ணப்பத்துக்கும் இதே கதைதான். பதவியின் பேரில் யாராவது 50 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள பரிசு நீட்டினால் வாங்கக்கூடாது. அரங்கேற்றத்துக்கு முதல் வரிசையில் உட்காரவைத்துப் பட்டுப்புடவையும் தாம்பூலமும் கொடுக்கும் நம் பழக்கத்தை இங்கே கொஞ்சம் யோசித்துத்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இதோடு திறந்த கூட்டச் சட்டம் ஒன்று உண்டு. கூட்டம் என்றால் 48 மணி நேரம் முன்னால் அறிவிப்பு ஒட்ட வேண்டும், சனி ஞாயிறு விடுமுறை நாட்கள் அந்த 48ல் சேராது. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம். உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஈமெயிலில் "இவருக்குக் கொடுக்கலாமா, அவருக்குக் கொடுக்கலாமா" என்று பேசிக்கொண்டாலே அது சட்டமீறல். ஒருவர் மற்றவருக்கு, அவர் இன்னொருவருக்கு என்று சங்கிலியாகப் போனாலும் அப்படித்தான். வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கூட்டத்தில் கைதூக்கிப் பழகியவர்களுக்கு முதல் வருடம் மூச்சு முட்டும்.

இவ்வளவு சொன்னதால் மனைவி விண்ணப்பிக்கவே கூடாது என்று அர்த்தமில்லை. முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிட்டு, நீங்கள் முழுக்க ஒதுங்கினால் வழி இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். மாநில எத்திக்ஸ் கமிஷனைக் கூப்பிட்டால் அவர்களே இலவசமாக, ரகசியமாக ஆலோசனை சொல்கிறார்கள்.

அப்படியென்றால் நம்மவர் உள்ளே போய் என்னதான் பயன் என்று கேட்பீர்கள். பயன் உண்டு. எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் ஒருவருக்கும் பறை என்றால் என்னவென்று தெரியாது, வில்லுப்பாட்டு என்றால் தெரியாது, கோலத்தை ஒரு கலை என்றே நினைத்திருக்க மாட்டார்கள். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் விண்ணப்பம் போட்டிருக்கும்போது, அதைப் புரிந்துகொண்டு மற்றவர்களுக்கு விளக்க அங்கே ஒருவர் இருந்தால் போதும், தீர்ப்பு சரியாக வரும். அதே மாதிரி பிரேசில்காரர்களின் கபோயிரா என்ற தற்காப்பு ஆட்டத்தையும் கம்போடிய நடனத்தையும் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள். லோவல் போன்ற ஊர்களில் கம்போடியர்கள் ஏராளம்.

கே: நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். சேரலாமா?

ப: ஊருக்கு ஊர் விதி வேறு. சில ஊர்களில் வாக்காளராகப் பதிந்தவர்தான் குழுக்களில் இருக்க முடியும், சில ஊர்களில் குடியிருந்தால் போதும். டவுன் கிளார்க்கிடம் ஒரு ஃபோன், உங்கள் விசா வக்கீலிடம் ஒரு ஃபோன். வக்கீலிடம் கேட்காமல் பத்திரிகையில் படித்தேன் என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து கேட்பதற்கு எந்த விசாவும் தடையில்லை.

கே: எங்கள் பொங்கல் விழாவுக்கு விண்ணப்பித்தோம், மறுத்துவிட்டார்கள். பக்கத்திலேயே ஒரு ஐரிஷ் இசை நிகழ்ச்சிக்குக் கொடுத்திருக்கிறார்கள். இது பாரபட்சம்தானே? (ஒரு தமிழ்ச் சங்கத்தின் செயலாளர்)

ப: இருக்கலாம். ஆனால் நீங்கள் அனுப்பிய விண்ணப்ப நகலைப் படித்தேன், முதலில் அதைப் பேசுவோம்.

இந்தப் பணத்துக்கு முதல் நிபந்தனை பொதுப்பயன். உங்கள் விண்ணப்பத்தில் "எங்கள் உறுப்பினர் குடும்பங்கள் 300 பேர் கலந்துகொள்வார்கள்" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படிப்பவர் என்ன நினைப்பார்? இது ஒரு கிளப்பின் விருந்து, இவர்களே சந்தா போட்டு நடத்திக்கொள்ளலாமே என்றுதான். ஊரில் இருக்கும் மற்றவர்கள் வர முடியுமா, எப்படித் தெரிந்துகொள்வார்கள், வந்தால் அவர்களுக்கு என்ன புரியும், இதைப் பற்றி ஒரு வரி இல்லை. விளம்பரம் என்ற இடத்தில் "வாட்ஸ்அப்" என்று மட்டும் இருக்கிறது.

இரண்டாவது, இடம் கோயில் மண்டபம், நிகழ்ச்சி நிரலில் முதல் உருப்படி பூஜை. மத அமைப்புகளுக்கே கொடுக்கக்கூடாது என்று விதி இல்லை, கலை நிகழ்ச்சி எல்லோருக்கும் திறந்திருந்தால், வழிபாடு நோக்கமாக இல்லாவிட்டால் கொடுக்கலாம். ஆனால் எது வழிபாடு, எது கலை என்று பிரித்துச் சொல்ல வேண்டிய வேலை உங்களுடையது. பொங்கல் அறுவடைத் திருநாள், சாதி மத வித்தியாசம் இல்லாமல் கொண்டாடுவது என்று நமக்குத் தெரியும், அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது பட்ஜெட். "சாப்பாடு, ஹால், இதர செலவு" என்று மூன்று வரி. கலைஞருக்கு எவ்வளவு என்று எங்கேயும் இல்லை. இதுதான் எனக்கு வருத்தம். வெளியூரிலிருந்து பறை வாசிக்க வரும் பையன்களுக்குப் பெட்ரோல் காசும் கேடயமும், கேட்டரிங்காரருக்கு முழுத்தொகை. கலை மானியம் கேட்கும்போதாவது கலைஞரின் சம்பளத்தை முதல் வரியில் எழுதுங்கள்.

அடுத்த முறை முழு விழாவுக்குக் கேட்காமல் ஒரு துண்டை மட்டும் எடுத்துக் கேளுங்கள். பொது நூலகத்தில் ஒரு சனிக்கிழமை கோலப் பயிற்சி, இல்லாவிட்டால் டவுன் காமனில், அதாவது ஊர்ப் பொதுத் திடலில், அரை மணி நேரம் பறை, அதோடு ஆங்கிலத்தில் விளக்கம் சொல்ல ஒருவர். நூலகத்திடமிருந்து "இங்கே நடத்த இடம் தருகிறோம்" என்று ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். பதிவுபெற்ற லாபநோக்கற்ற அமைப்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கூட இல்லை, மாநிலத்தில் வசிக்கும் தனி ஆளே விண்ணப்பிக்கலாம்.

மறுபரிசீலனை கேட்கலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். கேட்கலாம், மறுப்புக் கடிதம் வந்து 15 நாளுக்குள். ஆனால் கவுன்சில் தன் விதிமுறையைப் பின்பற்றவில்லை என்று காட்ட முடிந்தால்தான் செல்லுபடியாகும். முடிவு பிடிக்கவில்லை, தொகை போதவில்லை என்பதெல்லாம் காரணமாகாது. ஐரிஷ்காரர்கள் வருடா வருடம் கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, யார் என்ன கேட்கிறார்கள், எதை ஏன் ஒதுக்குகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கவும் கூடும். உங்கள் சங்கத்திலிருந்து யாராவது ஒருமுறையாவது போனதுண்டா?

கே: மதுரையில் இருக்கும் என் அப்பா கேட்கிறார், நம் ஊரில் இப்படி ஒன்று உண்டா என்று.

ப: மாநில அளவில் உண்டு. 1955ல் சங்கீத நாடக சங்கமாகத் தொடங்கிய தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம்தான் கலைமாமணி விருது கொடுக்கிறது, நலிந்த கலைஞர்களுக்கு நிதியுதவியும் செய்கிறது. ஆனால் ஒரு பேரூராட்சியில் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் உட்கார்ந்து அரசுப் பணத்தை உள்ளூர் கூத்துக்குப் பிரித்துக் கொடுக்கிற மாதிரி இல்லை. ஊர்த் திருவிழாக் கமிட்டி அந்த வேலையைத் தன் பாணியில் செய்கிறது, வசூல் கணக்கை யாரும் கேட்காத வரைக்கும்.

கே: வாஷிங்டன் கலைக்கான பணத்தை வெட்டுகிறது. இந்த நேரத்தில் கவுன்சிலில் சேர்ந்து என்ன பிரயோஜனம்?

ப: 1965ல் உருவான நேஷனல் எண்டவ்மெண்ட் ஃபார் தி ஆர்ட்ஸ் என்ற மத்திய அரசின் கலை நிதி அமைப்பு தன் மானியப் பணத்தில் 40 சதவீதத்தை மாநில, வட்டாரக் கலை அமைப்புகளுக்கு அனுப்புவது வழக்கம். 2025 மே மாதம் நாடு முழுவதும் பல அமைப்புகளுக்கு, கொடுத்த மானியத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஈமெயில் வந்தது உண்மை. சின்ன நாடகக் குழுக்கள் திண்டாடின. ஆனால் மாசசூசெட்ஸ் கவுன்சில்களுக்கு வரும் பணத்தில் பெரும்பங்கு மாநில சட்டமன்றம் போடுவது, அதனால் கதவு மூடிவிடவில்லை. அதே சமயம் சட்டமன்றம் நினைத்தாலும் வெட்டலாம், 1990களின் தொடக்கத்தில் பலமாகவே வெட்டினார்கள். மானியம் வாங்கியவர்களை, உங்கள் எம்எல்ஏவுக்கு, அதாவது ஸ்டேட் ரெப்புக்கு, ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள் என்று கவுன்சில்கள் விடாமல் கேட்பதன் காரணம் மரியாதை மட்டும் இல்லை.

மத்தியில் வரவு குறைந்தால் ஊர்க் கவுன்சிலின் மேசைக்கு வரும் விண்ணப்பங்கள் கூடும். அதைப் படிக்க ஆள் வேண்டும், இப்போதுதான் அதிகம் வேண்டும்.

கே: சரி, எங்கே போய்ச் சொல்ல வேண்டும்?

ப: உங்கள் டவுன் இணையதளத்தில் போர்டுகளும் கமிட்டிகளும் பட்டியலாக இருக்கும், கல்ச்சுரல் கவுன்சில் பக்கத்தில் காலியிடம் இருந்தால் போட்டிருப்பார்கள். பல ஊர்களில் தன்னார்வலர்கள் பெயர் கொடுக்க டேலண்ட் பேங்க் ஃபார்ம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், ஒரு பக்கம்தான், நிரப்பி செலக்ட் போர்டு அலுவலகத்துக்கு அனுப்பினால் கூப்பிடுவார்கள். அனுபவம் என்ற கட்டத்தில் நீங்கள் கேட்டு வளர்ந்த கச்சேரிகளையும் பார்த்த கூத்துகளையும் கூச்சப்படாமல் எழுதுங்கள், அதோடு எக்செலும் தெரியும் என்று சேர்த்துவிடுங்கள். அக்டோபரில் விண்ணப்பக் குவியல் வந்துவிடும், அதனால் கோடையிலேயே அனுப்பினால் பயிற்சி முடித்து உட்கார நேரம் கிடைக்கும்.